ஆடிக்கு வந்த சாம்பல் நிறப் புடவைகள்

போன ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெளிநாட்டில் ஃபேஷன் பத்திரிகை நடத்துகிறவர்களைப் பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஏறக்குறைய முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். பெரம்பலூரில் என் வயதுக்காரர்களில் இதைச் செய்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். படித்தது ஐந்தாம் வகுப்பு. அதுவும் அரைப் பரீட்சை வரைக்கும்தான். படத்தில் பேசியது இங்கிலீஷ். ஆனால் துணி சம்பந்தப்பட்ட எதற்கும் எனக்குப் பாஷை தேவைப்பட்டதில்லை. இந்தி தெரியாமல் சூரத்தில் முப்பது வருடம் சரக்கு எடுத்தவன் நான். துணியை விரலால் தேய்ப்பேன், உதட்டைப் பிதுக்குவேன், அவன் விலையைக் குறைப்பான்.

இன்றைக்குப் பெரம்பலூரில் ஒன்று, அரியலூரில் ஒன்று என்று இரண்டு ஜவுளிக்கடை இருக்கிறது. பெரம்பலூர்க் கடையில் லிஃப்ட் உண்டு. ஓடாது, ஆனால் உண்டு. ஆரம்பித்தது சைக்கிள் கேரியரில். புடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு பூலாம்பாடி வரைக்கும் மிதித்திருக்கிறேன். எந்தத் தெருவில் எந்த நிறத்தை முதலில் பிரித்தால் உள்ளே இருக்கும் பெண்கள் வாசலுக்கு வருவார்கள் என்று எனக்கு அப்போதே தெரியும். இந்தக் கண் எல்லோருக்கும் அமையாது. இதை நானாகச் சொல்லவில்லை, ஊர் சொல்கிறது. ஊர் சொல்ல மறந்த நாளில் மட்டும் நான் சொல்வேன்.

படத்தைப் போட்டுக் காட்டியது என் மகள். எனக்கு ஒரே மகள். கல்யாணமாகி அரியலூரில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒரு சிமெண்ட் ஆலையில் வேலை. அரியலூர்க் கடையின் புடவைப் பகுதியைப் பன்னிரண்டு வருடமாக அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். பார்த்துக்கொள்கிறாள் என்றால் அடுக்குவது, விற்பது, வருகிறவர்களைச் சமாளிப்பது. சரக்கு எடுப்பது மட்டும் நான். அந்த வேலையை நான் யாரிடமும் கொடுத்ததில்லை. கண்ணைக் கழற்றி இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா.

ஆனி மாதம் அவள் ஒரு சேதியோடு வந்தாள். திருச்சியில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் அவளைச் சரக்கு எடுக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

"ஆடி முடியறதுக்குள்ள பதில் சொல்லணும்ப்பா."

"வர முடியாதுன்னு சொல்லிடு."

"சொல்றேன். இந்தத் தீவாளிக்கு நம்ம கடைக்கு நான் போய் சரக்கு எடுக்கறேன். தனியா. நீங்க கூட வரக் கூடாது, போன்லயும் வரக் கூடாது. சரின்னா இங்கயே இருக்கேன். இல்லன்னா திருச்சி."

நான் கட்டிய கடையில் எனக்கே நிபந்தனை. ஆடி வரட்டும் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன். பதில் சொல்லாமலே இருந்துவிடுவது ஒரு வியாபார வித்தை. நாற்பது வருடமாக ஏஜென்டுகளிடம் பலித்த வித்தை. மகளிடம் பலிக்கவில்லை. ஆடி பிறந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் வீட்டுக்கு வந்து, டிவியில் எதையோ மாட்டி, என்னை எதிரே உட்கார வைத்துவிட்டாள்.

"இத மட்டும் பாருங்கப்பா. பாத்துட்டு பதில் சொல்லுங்க. இதுல ரெண்டாவதா ஒரு அம்மா வருவாங்க. அவங்கள கவனிங்க."

என் மனைவி முறத்தில் சின்ன வெங்காயத்தை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு எந்தப் படமும் வெங்காயம் உரிக்கிற நேரம்தான்.

முதலில் ஒரு கட்டடம் வந்தது. முழுக்கக் கண்ணாடி. உள்ளே இருக்கிற அத்தனை பேரும் ஓடுகிறார்கள். யார் கையிலும் மூட்டை இல்லை, கத்தரி இல்லை, முழக்கோல் இல்லை. ஆளுக்கொரு காப்பி டம்ளர் மட்டும் இருக்கிறது. அதையும் யாரும் குடித்த மாதிரி தெரியவில்லை.

"துணி படம்னு சொன்ன. துணியவே காணும்?" என்றாள் என் மனைவி.

"துணிக்கடை இல்லம்மா, பத்திரிகை. யாரு என்ன உடுத்தணும்னு இவங்கதான் எல்லாருக்கும் சொல்லுவாங்க."

"கேக்கறதுக்கு ஆளு இருக்கா?"

பிறகு பெண்கள் வந்தார்கள். நீளநீளமான உடைகளைப் போட்டுக்கொண்டு ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நடக்கிறார்கள், திரும்பி அதே இடத்துக்கு வருகிறார்கள். இதற்கு இரண்டு பக்கமும் நாற்காலி போட்டு ஆட்கள் உட்கார்ந்து பார்க்கிறார்கள். ஒருத்தி முகத்திலும் சிரிப்பு இல்லை.

"புதுத்துணி போட்டவ மாதிரியா இருக்கா. ஆஸ்பத்திரிக்குப் போறவ மாதிரில்ல இருக்கா."

"சிரிச்சா துணிய பாக்க மாட்டாங்களாம்மா."

நான் குறுக்கிட்டேன். "நம்ம கடையில கண்ணாடி முன்னாடி தோள்ல பொடவையப் போட்டுப் பாத்து ஒருத்தி சிரிச்சாள்னா பில்லு போட்டாச்சுன்னு அர்த்தம். இந்தப் பத்திரிகை எப்புடி ஓடுது?"

மகள் திரையைக் காட்டினாள்.

அப்போதுதான் அந்தப் பத்திரிகையின் தலைமைப் பெண்மணி வந்தார். உயரம், நேர் முதுகு, காதில் ஒரு பொட்டு நகை இல்லை. சுவர் முழுக்கப் படங்களை ஒட்டி வைத்திருந்தார்கள். அவர் அதன் முன்னால் நின்றார். பின்னால் பதினைந்து பேர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அவர் ஒரு விரலைத் தூக்குகிறார். ஒருவர் ஓடிவந்து ஒரு படத்தைப் பிய்த்து எடுக்கிறார். பதினைந்து பேருக்கும் மூச்சு நிற்கிறது. இன்னொரு விரல், இன்னொரு படம். ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். வாய் திறந்து அந்தப் பெண்மணி ஏதோ இரண்டு வார்த்தை சொன்னார்.

"என்ன சொன்னாங்க?"

"வேற காட்டுங்கன்னு சொல்றாங்கப்பா."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதுவா விஷயம். இதற்கா கண்ணாடிக் கட்டடமும் ஆவணப்படமும்.

முகூர்த்தப் புடவை எடுக்க எங்கள் கடைக்கு ஒரு வேன் நிறைய ஆட்கள் வருவார்கள். பதினெட்டு இருபது பேர். எல்லோரும் விரிப்பில் வட்டமாக உட்காருவார்கள். மணப்பெண் தூணுக்குப் பக்கத்தில் எங்காவது இருப்பாள், அவளை யாரும் கேட்பதில்லை. நடுவில் ஒருவர் உட்காருவார். பெரும்பாலும் மாப்பிள்ளையின் அத்தை. அவர் முன்னால் நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டிருப்போம். அவர் எதையும் பார்த்த மாதிரியே இருக்காது. தாடையை மட்டும் கொஞ்சம் தூக்குவார். "வேற காட்டுங்க." பெற்ற தாய், தகப்பன், வேன் டிரைவர் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார்கள். உடையார்பாளையத்திலிருந்து அப்படி ஒரு அத்தையை அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்கு அனுப்பி வைத்தால் சாயந்தரத்துக்குள் பதினைந்து பேரும் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அந்தத் தலைமைப் பெண்மணியும் சேர்ந்து.

இதைச் சொன்னேன். மனைவி சிரித்தாள். மகள் படத்தை நிறுத்தினாள்.

"அப்பா, இப்ப பாருங்க. அந்த ரெண்டாவது அம்மா."

தலை கலைந்த ஒரு அம்மா. மழையில், கையில் பெட்டியோடு, ஏதோ ஒரு ஊரில் தறிக்காரர் வீட்டுப் படியேறுகிறார். தரையில் உட்கார்ந்து துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார். அடுத்த ஊர், அடுத்த படி. அந்தப் பத்திரிகைக்கு வருகிற துணி பூராவும் இவர் தேடிப் பிடித்ததுதான் என்று மகள் சொன்னாள். திரும்பி வந்து சுவரில் ஒட்டுகிறார். தலைமைப் பெண்மணி விரலைத் தூக்குகிறார். பிய்த்து எடுக்கிறார்கள்.

"அலையறது இவங்க. கண்ணு அவங்களோடதுன்னு பேரு," என்றாள் மகள்.

"ரெண்டு பேருக்கும் சம்பளம் வருதுல்ல."

மகள் என்னைப் பார்த்தாள். மனைவியின் கையில் வெங்காயம் பாதித் தோலோடு நின்றது.

"படத்தப் போடும்மா," என்றாள் மனைவி, என்னைப் பார்க்காமல்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டாவது அம்மாவை நான் சரியாகப் பார்க்கவே இல்லை. என் கண் முழுக்க அந்த விரலில் இருந்தது. படம் முடியப் போகிற சமயம் அந்தச் சுவரைத் திரும்பக் காட்டினார்கள். சிவப்பு போயிற்று. பச்சை போயிற்று. மஞ்சள் போயிற்று. கடைசியில் சுவர் முழுக்க ஒரே நிறம் மிஞ்சியது. சாம்பல். எல்லோரும் கை தட்டினார்கள்.

"எதுக்கு கை தட்டறாங்க?"

"வரப்போற வருசத்துக்கு இதுதான் கலருன்னு முடிவாயிடுச்சாம்."

எனக்கு இதில் ஒரு கணக்கு உண்டு. வெளிநாட்டில் ஒன்றை முடிவு செய்தால் அடுத்த வருடம் பம்பாய்க்கு வரும், அதற்கடுத்த வருடம் சென்னை, பிறகு திருச்சி. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கும்போது ஆரம்பித்தவர்கள் அதை மறந்தே போயிருப்பார்கள். நைட்டி அப்படித்தான் வந்தது. ஆனால் இந்தத் தடவை முடிவு செய்ததை நானே என் கண்ணால் பார்த்துவிட்டேன். திருச்சிக்காரனுக்கு முன்னால், சென்னைக்காரனுக்கு முன்னால். மெதுவாக எழுந்து கொல்லைப்பக்கம் போய் சூரத் ஏஜென்டுக்குப் போன் போட்டேன்.

"சாம்பல் கலர்ல நூறு பொடவ. ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி அரியலூர் கடைக்கு வரணும்."

"ஆடிக்குங்களா சார்? ஆடிக்கு மஞ்சளும் செவப்பும்தானே நீங்க எடுப்பீங்க?"

"நீ படம் பாத்தியா?"

"எந்தப் படம்ங்க சார்?"

"அதான்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

உள்ளே வந்தபோது டிவியை அணைத்திருந்தார்கள். "என்னப்பா சொல்றீங்க?" என்று மகள் கேட்டாள். "நல்ல படம்," என்றேன். "ஆடி முடியட்டும்." அவள் பையை எடுத்துக்கொண்டு அரியலூர் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.

ஆடி மாதம் எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தெருவுக்குத் தெரு அம்மன் கோயிலில் கூழ், தீமிதி, வேப்பிலை. மஞ்சள் புடவையும் சிவப்புப் புடவையும் போதவில்லை என்று சண்டை நடக்கும். தா.பழூர் பக்கத்துப் பெண்கள் பதினெட்டாம் பெருக்குக்குப் புதுப்புடவை கட்டி ஆற்றங்கரைக்குப் போவார்கள். இதெல்லாம் தெரிந்தவன், இதை வைத்தே இரண்டு கடை கட்டியவன், அந்த மாதத்துக்குச் சாம்பலை வரவழைத்தேன். புத்தி சரியாகத்தான் இருந்தது. விரல்தான் அந்தப் பெண்மணியின் விரல் மாதிரி உயர்ந்துவிட்டது.

பதினெட்டாம் பெருக்குக்கு மூன்று நாள் முன்னால் மூட்டை வந்து இறங்கியது. பிரிப்பதைப் பார்க்க நானே காரில் அரியலூர் போனேன். மகள் தையலை அறுத்து மேல் புடவையை எடுத்தாள். இரண்டு பக்கமும் திருப்பினாள்.

"யாருக்குப்பா இது?"

"ஊருக்கு."

முன் அலமாரியில் இருந்த சிவப்பையும் மஞ்சளையும் பின்னால் தள்ளிவிட்டு இதை அடுக்கச் சொன்னேன், அடுக்கினாள். வாசல் பொம்மைக்குக் கட்டச் சொன்னேன், கட்டினாள். நான் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாராவது அலமாரி முன்னால் நின்று கை தட்டுவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ரெட்டிபாளையம் ரோட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். சிமெண்ட் லாரியும் சுண்ணாம்புக்கல் லாரியும் ஓயாமல் போகிற ரோடு அது.

"இது என்னங்க கலரு?"

"இந்த வருசம் ஒலகம் பூரா இதாம்மா கலரு," என்றேன்.

ஒருத்தி அந்தப் புடவையின் முந்தானையைக் கையில் எடுத்து, கூட வந்தவளிடம் காட்டினாள். "ஏண்டி, நேத்து நம்ம வூட்டு வாசல்ல செவப்புப் பொடவ காயப்போட்டேன்ல. சாயந்தரம் எடுக்கறப்ப இந்தக் கலர்லதான இருந்துச்சு."

"ஒதறிப் பாரு. உள்ள செவப்பு இருக்கும்."

அவள் உதறியே பார்த்தாள். என் கண் முன்னால், நல்ல சூரத் சரக்கை, வாசலைப் பார்த்து இரண்டு உதறு. பிறகு மடித்துப் பத்திரமாக என்னிடமே கொடுத்தாள். "போவலீங்க," என்றாள், ஆறுதலாக.

மறுநாள் தா.பழூரிலிருந்து ஒரு பெரியம்மா மூன்று மருமகள்களோடு வந்தார். வாசலில் பொம்மையைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமல் நின்றுவிட்டார். என்னைக் கையைக் காட்டி ஓரமாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"எப்பங்க நடந்துச்சு?"

"என்னதும்மா?"

"நல்ல நாளும் அதுவுமா வாசல்ல இப்புடிக் கட்டி வச்சிருக்கீங்களே. வூட்டுல பெரியவங்க யாரும் தவறிட்டாங்களா?"

வீட்டில் பெரியவன் நான்தான், இதோ நிற்கிறேன் என்றேன். அவருக்கு நிம்மதி வரவில்லை. துக்கம் நடந்த இடத்தில் துணி எடுக்கக் கூடாது என்று மருமகள்களைக் கூட்டிக்கொண்டு எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அன்று மாலை வேலை முடிந்து மாப்பிள்ளை வந்தார். சிமெண்ட் தூசி படிந்த சட்டைக் காலரைத் தூக்கி, அலமாரிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மாமா, கலரு அச்சா பொருந்துது. எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா சட்டைய தொவைக்காம எடுத்து வச்சிருப்பனே."

மாப்பிள்ளை என்பதால் சிரித்தேன்.

பதினெட்டாம் பெருக்கு முடிந்தபோது நூறில் தொண்ணூற்றெட்டு இருந்தது. ஒன்றை என் மனைவி எடுத்துப் போனாள். கட்டிக்கொள்ளவா என்று கேட்டதற்கு, "தையல் மெஷினுக்கு மூடி," என்றாள். இன்னொன்று எங்கே போனது என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆடியின் கடைசி நாள். அரியலூர்க் கடையில் நானும் மகளும் மட்டும் இருந்தோம். தொண்ணூற்றெட்டும் கட்டுக் கட்டாக வாசலில் கட்டி வைத்திருந்தது. ஒரு பள்ளிக்கூட வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனது.

"எங்க போவுது?"

"ஜெயங்கொண்டம் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம்ப்பா. டீச்சருங்களுக்கு சீருடைப் பொடவ தேடிக்கிட்டு இருந்தாங்க, வைகாசியிலயே கேட்டு வச்சாங்க. நாப்பத்தொம்பது பேரு, ஆளுக்கு ரெண்டு. சாக்பீஸ் தூசி தெரியாத கலரா வேணும்னாங்க."

உலகம் கை தட்டிய நிறத்தை வாரம் இரண்டு நாள் கரும்பலகைக்கு முன்னால் நாற்பத்தொன்பது டீச்சர்கள் கட்டப் போகிறார்கள். நான் பெருமையாகத்தான் சொன்னேன்.

"பாத்தியா. நான் எடுத்தது என்னைக்கும் வீணாப் போனதில்ல."

அவள் கத்தரியை மேஜைமேல் வைத்தாள். "அப்பா, இன்னையோட ஆடி முடியுது. சாயந்தரம் நான் திருச்சிக்குப் போன் பண்ணணும்."

வாசலில் பொம்மை மொட்டையாக நின்றது. சும்மா இருக்க முடியாமல் கேட்டேன்.

"அந்தப் படத்துல, அந்த ரெண்டாவது அம்மா கடைசியில என்ன ஆனாங்க?"

"நீங்க பாக்கலயா?"

"போன் வந்துச்சு."

போன் வரவில்லை, நான்தான் போட்டேன் என்பது அவளுக்கு மூட்டை வந்த அன்றே தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக்காட்டவில்லை.

"பெட்டிய எடுத்துக்கிட்டு வேற பத்திரிகைக்குப் போயிட்டாங்கப்பா."

"அப்பறம் அந்தப் பெரிய அம்மா?"

"செவுத்துக்கு முன்னாடி நிக்கறாங்க. செவுத்துல ஒண்ணும் இல்ல. விரல தூக்கறாங்க, எதக் காட்டறதுன்னு தெரியல. அதோட படம் முடிஞ்சுடுது."

எழுந்து போய் பொம்மையை உள்ளே இழுத்து வைத்தேன். பிறகு, "சூரத்துக்கு டிக்கெட்டு கெடைக்குமா இப்ப?" என்று கேட்டேன்.

"ஆனியிலயே போட்டு வச்சிட்டேன்."

ஆவணியில் போனாள். அரியலூர் ஸ்டேஷனில் ஜன்னல் ஓரம் நின்று, எந்தச் சந்தில் எந்தக் கடை, எவன் பழைய சரக்கைப் புதுசு என்பான், எங்கே உதட்டைப் பிதுக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் அவள் காதில் பாட்டு கேட்கிற ஒயர் இருப்பதைப் பார்த்தேன். ஏஜென்டுக்குப் போன் பண்ண மாட்டேன் என்று கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் ஏறியிருந்தாள். இரண்டு தடவைதான் மீறினேன். இரண்டு தடவையும் அவன் எடுக்கவில்லை.

சரக்கு வந்து இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு பட்டு. பச்சைக் கரை. தினமும் பார்க்கிற நிறத்தை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள் என்று ஆடியில்தான் படித்திருந்தேன்.

"முறத்துல கெடக்கறத எடுத்துட்டு வந்திருக்கியேம்மா."

"தூசிய யாரும் ஆசையாப் பாக்கறதில்லப்பா. நம்ம பக்கம் வெங்காயம் நல்லா வெளைஞ்ச வருசம் களத்துல நின்னு பாத்துக்கிட்டே இருப்பாங்க."

ஐப்பசியில் உடையார்பாளையத்திலிருந்து ஒரு வேன் வந்தது. நடுவில் ஓர் அத்தை. நான்தான் விரிப்பில் எதிரே உட்கார்ந்து பிரித்துப் போட்டேன். அந்த இடத்தை நான் விட்டதில்லை. முப்பத்தைந்து புடவை போயிற்று, தாடை முப்பத்தைந்து தடவை உயர்ந்தது. அடுத்து அந்த வெங்காயத் தோலைப் பிரித்தேன். அத்தையின் தாடை அப்படியே நின்றது. கையை நீட்டி எடுத்தார். தூணோரம் இருந்த மணப்பெண் தானாகவே எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"இத யாருங்க எடுத்தா?" என்றார் அத்தை.

நாற்பது வருடமாக இந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். அது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. பின்னால் மகள் யாருக்கோ ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிச் சத்தம் நின்றது.

"எம் பொண்ணு எடுத்தது," என்றேன்.

கத்தரி மறுபடி ஓட ஆரம்பித்தது.

"அதான பாத்தேன்," என்றார் அத்தை. "அப்ப அந்தப் பொண்ணையே வந்து காட்டச் சொல்லுங்க. நீங்க கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். முழங்கால் சத்தம் போட்டது. மகள் கத்தரியை என் கையில் கொடுத்துவிட்டு விரிப்பில் உட்கார்ந்தாள். ரவிக்கைத் துணி பாதி வெட்டியபடி இருந்தது. மீதியை நான் வெட்டினேன், கோடு போட்ட மாதிரி நேராக. அந்த வெட்டு இந்த இரண்டு ஊரிலும் வேறு யாருக்கும் வராது.